சைதாப்பேட்டைக்குத் தெற்கே: நாயின் கால் மருத்துவத்துக்குள் வந்த வரலாறு

தமிழகத்தின் பழைய விலங்கு மருத்துவம் உழவையும் போரையும் ஒட்டி வளர்ந்ததால், மாட்டுக்கும் குதிரைக்கும் யானைக்கும் உரிய நோய்களும் மருந்துகளும் வாகடங்கள் எனப்படும் மருத்துவ ஏடுகளில் எழுதிவைக்கப்பட்டன. ஏர்க்காளை நொண்டினால் ஒரு போகமே தவறிவிடக்கூடிய ஊரில் அதன் காலுக்குக் கிடைத்த கவனம் திண்ணையோரத்து நாயின் காலுக்குக் கிடைக்காமற்போனதில் வியப்பில்லை. ஆயினும் எலும்பு முறிவு மருத்துவம் விலங்கையும் மனிதரையும் அவ்வளவு தெளிவாகப் பிரித்ததில்லை. இலைச்சாற்றுத் துணியையும் மூங்கில் பத்தையையும் கொண்டு கட்டப்படும் புத்தூர்க் கட்டு, வேட்டையில் கால் ஒடிந்து இலையில் சுற்றப்பட்ட முயலொன்று குணமாகி ஓடியதைக் கண்ட ஆந்திரக் குடும்பத்திடம் தொடங்கியதாக வாய்மொழிக் கதை கூறுகிறது. கதையின் உண்மை எவ்வாறாயினும், 1930களில் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஓட்டோ ஸ்டேடர் நாய்களுக்காக வகுத்த கருவி, அதாவது எலும்பில் செருகிய ஊசிகளைத் தோலுக்கு வெளியே உள்ள தண்டில் பூட்டி முறிவை அசையாமல் நிறுத்தும் அமைப்பு, இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற வீரர்களுக்கும் பயன்பட்டது என்பது ஐயத்துக்கு இடமில்லாத செய்தி.

சென்னையில் விலங்கு மருத்துவத்துக்கான நிறுவனம் நகரின் தென்புறத்தில்தான் தோன்றியது. 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி சில ஆண்டுகளில் வேப்பேரிக்கு மாறி, 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, 1989இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் உறுப்பாயிற்று. காலனிய அரசு கால்நடை மருத்துவத்தில் பணம் செலவிட்டதற்குப் படைக்குதிரையும் கால்நடைக் கொள்ளைநோயும் காரணங்களே தவிர, வளர்ப்பு நாய் அன்று.

தெருநாயின் அடிபட்ட காலை மருத்துவத்துக்கு உரியதாக்கியதில் கிண்டிக்குத் தனி இடம் உண்டு. வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை மீட்ட கேப்டன் வி. சுந்தரத்தின் குடும்பம் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் என்னும் விலங்குநல அமைப்பு, வேளச்சேரிச் சாலையில் காப்பகமும் மருத்துவமனையும் நடத்தி, வாகனத்தில் அடிபட்ட விலங்குகளைப் பேணத் தலைப்பட்டது. மாநகராட்சியோ தெருநாய்களைக் கொல்லும் முறையை விட்டுக் கருத்தடைத் திட்டத்துக்கு 1996இல்தான் வந்தது. கொல்வதற்கென்று பிடிக்கப்படும் விலங்கின் முறிந்த காலுக்குக் கட்டுப்போட அதுவரை மாநகராட்சி நிருவாகத்துக்குத் தேவை எழவில்லை.

கீழ்க்கட்டளைக்கும் மேடவாக்கத்துக்கும் இடையே, பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு அண்மையில் அமைந்த கோவிலம்பாக்கம் போன்ற ஊர்களில் நிலைமை வேறு வழியாக மாறியது. ஏரிப் பாசன வயல்கள் மனைகளாகி, மனைகளில் அடுக்குமாடிகள் எழுந்தபோது, காவல்நாயின் இடத்துக்குப் பொமரேனியனும், 2003இல் வந்த ஹட்ச் கைபேசி நிறுவன விளம்பரத்தால் புகழ்பெற்ற பக் நாயும் குடிவந்தன. இச்சிறிய இன நாய்களிடம் காணப்படும் முதன்மையான மூட்டுக் கோளாறு முட்டிச்சில்லு விலகல் ஆகும். தொடையெலும்பின் அடியிலுள்ள பள்ளம் ஆழமற்றிருப்பதால் முட்டிச்சில்லு பெரும்பாலும் உட்பக்கமாக நழுவ, நாய் பின்னங்காலொன்றைத் தூக்கிக்கொண்டு சில எட்டு தாவிவிட்டு ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் ஓடும். இதனாலேயே உரிமையாளர் பலர் இதை விளையாட்டென்று எண்ணிவிடுகின்றனர். மருத்துவர்கள் இதை நான்கு படிநிலைகளாகப் பகுத்து, முதற்படிக்கு எடைக் குறைப்பும் கண்காணிப்பும் போதுமெனக் கருதுகின்றனர். முற்றிய படிகளில் அப்பள்ளத்தை ஆழப்படுத்தியும் தசைநார் பற்றும் எலும்பு மேட்டை இடம் மாற்றியும் அறுவை செய்கின்றனர்.

கோளாறு பிறவிக்கூறாயினும் அதை வளர்ப்பதில் புதிய வீட்டுக்கும் பங்குண்டு: வழுக்கும் டைல்ஸ் தரை, செங்குத்தான படிக்கட்டு, சோபாவிலிருந்து குதித்தல், உலாவுதலின்றிக் கூடும் எடை ஆகியவை மண்தரை முற்றத்து நாய் அறியாதவை. இந்நாய்களின் குச்சிபோன்ற முன்னங்கால் எலும்புகள் இத்தகைய குதித்தலிலேயே முறிவதும் உண்டு. நாய்க்குத் தரும் வலிமருந்தும் இக்காலத்தில் மாறியது. பிணந்தின்னிக் கழுகுகளின் அழிவுக்குக் காரணமான டைக்ளோஃபெனாக் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து 2006இல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டபின் மெலாக்சிகாம் என்னும் மாற்று வலிமருந்து பரவலாயிற்று. நாயின் மூட்டுவலிக்கும் மருத்துவர்கள் எடைக்கேற்ற அளவில் இதைத் தருகின்றனர். ஆனால் மனிதருக்கென வீட்டில் இருக்கும் இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுப்பவை என்பதால், அவற்றை உடைத்துக் கொடுக்கும் பழக்கம் நொண்டும் காலைவிடப் பெரிய கேட்டை விளைவிக்கக்கூடும்.