ஆலைகளின் ஊர்

மும்பையின் பரேல், லால்பாக், வொர்லி பகுதிகளுக்கு மராத்தியில் ‘கிரண்காவ்’ என்று ஒரு பெயர் உண்டு. ஆலைகளின் ஊர் என்று பொருள். இன்று அங்கே கண்ணில் படுபவை வணிக வளாகங்களும் வானுயர்ந்த குடியிருப்புகளும்தான். இடையிடையே சில பழைய புகைபோக்கிகள் மட்டும் மிச்சம்.

1854-இல் கவாஸ்ஜி தாவர் என்ற பார்சி வணிகர் மும்பையின் முதல் பஞ்சாலை நிறுவனத்தைத் தொடங்கினார். ஆலைகள் பெருகப் பெருக கொங்கண், சாத்தாரா கிராமங்களிலிருந்து மக்கள் வந்து குவிந்தனர். ‘சால்’ எனப்படும் ஒற்றை அறைக் குடியிருப்புகளில், ஒரே அறையைப் பலர் ஷிப்ட் கணக்கில் பங்கிட்டுக் கொண்டனர். குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்களுக்கு, அக்கம்பக்கத்துப் பெண்கள் மாதக் கணக்கில் சமைத்துப் போட்டனர்.

1982 ஜனவரி 18-இல் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது முடிந்ததாக முறைப்படி அறிவிக்கப்படவே இல்லை. பல ஆலைகள் பிறகு திறக்கவேயில்லை.

ஆலைகளைக் கொன்றது வேலைநிறுத்தம்தான் என்று பலரும் சொல்வதுண்டு. அது பாதிக் கதைதான். விசைத்தறிகளின் போட்டி ஒருபுறம், புதுப்பிக்கப்படாத இயந்திரங்கள் மறுபுறம். எல்லாவற்றுக்கும் மேலாக, நெய்யும் துணியைவிட ஆலை நின்ற நிலம் அதிக விலை பெற்றது. ஏறத்தாழ 600 ஏக்கர்! வணிகக் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவும் வேண்டுமா?

இதற்காக 1991-இல் அரசு ஒரு விதி வகுத்தது. ஆலை நிலத்தை முழுவதுமாக மேம்படுத்தினால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பொதுவெளிக்கு, ஒரு பங்கு மலிவு வீடுகளுக்கு, மீதி உரிமையாளருக்கு. 2001-இல் அதைத் திருத்தினார்கள். கட்டடம் இல்லாத காலி நிலத்தை மட்டும் பங்கிட்டால் போதும் என்றானது. ஆலை நிலத்தின் பெரும்பகுதியில் கட்டடங்கள் இருந்ததால், பொதுமக்கள் பங்கு வெகுவாகச் சுருங்கியது. 2005-இல் உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் நின்றது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது.

ஆலைகள் போய் அலுவலகங்கள் வந்தன. அந்தக் கூட்டத்துக்கு ஏற்ப வழிகள் அகலவில்லை. 2017 செப்டம்பர் 29-இல் எல்பின்ஸ்டன் ரோடு ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் நெரிசலில் 23 பேர் இறந்தனர்.

முன்னாள் தொழிலாளர்களுக்குக் குலுக்கல் முறையில் 225 சதுர அடி வீடுகள் ஒதுக்கப்பட்டன. எல்லோருக்கும் கிடைக்கவில்லை. ஊர் மாறுவது இயல்பே. ஆனால் அந்த நிலத்துக்கு மதிப்பு வரக் காரணமானவர்களில், நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே உழைத்தவர்களும் உண்டு. பங்கு பிரிக்கையில் அவர்களுக்குத்தான் குலுக்கல்.