உறுதிமொழியும் வாக்கும்

உத்தரமேரூர்க் கல்வெட்டின் பெருமையைப் பேசாத தமிழ்ச் சங்க மேடை அரிது. முதற் பராந்தக சோழன் காலத்தில் குடவோலையிற் பெயர் எழுதப்படுவதற்கு வேண்டியிருந்த தகுதிகளை நாம் அடுக்கிச் சொல்லி மகிழ்கிறோம். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர் என்னுமிடத்தில் கைதட்டல் எழுவதும் உண்டு. ஆயின், நாம் தேர்ந்து அனுப்பும் பாராளுமன்ற உறுப்பினரிடம் எத்தகைய கணக்கைக் கேட்பது என்று நாம் எண்ணிப் பார்ப்பது குறைவு. சாலை போட்டாரா, ரயில் நிறுத்தம் வாங்கித் தந்தாரா என்பது ஒரு கணக்கு. அரசியல் சட்டத்தின் 99-ஆவது விதிப்படி அவர் அவையில் எடுத்துக்கொண்ட உறுதிமொழிக்கேற்ப வாக்களித்தாரா என்பது வேறொரு கணக்கு. பின்னதைத்தான் இங்கே ஆராயப் புகுகிறோம்.

இக்கணக்கு எடுப்பதற்கு எளிதன்று. அவையில் வரும் மசோதாக்களிற் பெரும்பாலானவை குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறிவிடுகின்றன. டிவிஷன் கேட்கப்பட்டால்தான் யார் எப்பக்கம் நின்றார் என்பது ஏட்டில் ஏறும். 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பின்னரோ, கொறடாவின் கட்டளையை மீறி வாக்களிப்பவர் பதவியையே இழக்க நேரிடும். ஆகவே இன்றைய வாக்குப் பட்டியல் உறுப்பினரின் மனத்தைக் காட்டிலும் கட்சியின் மனத்தையே மிகுதியாகக் காட்டும். மனச்சான்று வாக்கில் வெளிப்படக்கூடிய காலத்து நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்கொள்வதே நேர்மை. அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அத்தகையது. அதன் வித்து நம் சென்னை மாகாணத்தில் விழுந்தது என்பது நமக்கு மற்றொரு காரணம்.

குடியரசு மலர்ந்து நான்கு திங்களே ஆன 1950 மே 26-ஆம் நாள், பம்பாயிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழ் சென்னை மாகாணத்துள் நுழையலாகாது என்ற அரசாங்கத் தடையைச் சுப்ரீம் கோர்ட் செல்லாதென்று தீர்த்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் சென்னையிலிருந்து சென்ற நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. பொது ஒழுங்கு என்பது பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தச் சட்டம் அன்று ஒப்பிய காரணங்களுள் ஒன்றன்று என்பதே அத்தீர்ப்பின் உயிர். அடுத்து வந்தது சண்பகம் துரைராஜன் வழக்கு. கல்லூரி இடங்களைப் பதினான்காக வகுத்து, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறிஸ்தவருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1 என அளித்த வகுப்புவாரி உத்தரவு 1951 ஏப்ரலில் வீழ்ந்தது. தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1951 மே 12-ஆம் நாள் பிரதமர் நேரு திருத்த மசோதாவைக் கொணர்ந்தார். பிற்பட்டோர் முன்னேற்றத்திற்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய 15-ஆவது விதியில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. பேச்சுரிமையின்மீது பொது ஒழுங்கு, அயல்நாட்டு நட்புறவு, குற்றத்திற்குத் தூண்டுதல் ஆகிய காரணங்களாலும் கட்டுப்பாடு விதிக்க இடம் ஏற்பட்டது. ஜமீன் ஒழிப்புச் சட்டங்களைக் காக்க ஒன்பதாவது அட்டவணை பிறந்தது. அதில் முதலில் இடம்பெற்ற சட்டங்கள் 13. அவற்றுள் இரண்டு சென்னையுடையவை. இன்று அப்பட்டியல் 284 என வளர்ந்து நிற்கிறது!

இம்மூன்றும் ஒரே மசோதாவிற் கட்டப்பட்டிருந்தன என்பதை நோக்குக. ஏழை மாணவனுக்குக் கல்லூரிக் கதவு திறக்க விரும்பியவரும், உழவனுக்கு நிலம் வேண்டுமென்றவரும், பத்திரிகையின் வாயைக் கட்ட விரும்பாதவராயிருப்பின் யாது செய்வது? இறுதி வாக்கு ஒன்றே. ஜூன் 2-ஆம் நாள் ஆதரவாக 228 வாக்கும் எதிராக 20 வாக்கும் விழுந்தன. அந்த 228 பேரையும் உரிமைப் பகைவர் என்று ஏசுவதும், 20 பேரையும் உரிமைக் காவலர் என்று போற்றுவதும் குழந்தைத்தனம்.

எதிர்த்து முழங்கியவருள் தலையானவர் கல்கத்தாவின் சியாம பிரசாத் முகர்ஜி. குன்ஸ்ரு, கிருபளானி, காமத் முதலியோரும் கடுமையாக வாதிட்டனர். வயதுவந்தோர் வாக்குரிமைப்படி முதற் பொதுத் தேர்தல் நடைபெறுமுன், ஈரவையும் அமையாத இடைக்கால மன்றம் அடிப்படை உரிமைகளைத் தொடலாமோ என்பது அவர்கள் வினா. இது வலிய வினா. எனினும், 1951 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் அத்திருத்தம் செல்லுமென்றே தீர்ப்பளித்தது. அதை எழுதியவரும் அதே பதஞ்சலி சாஸ்திரி! ஆதலின், சட்டத்தின் எழுத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் ஆதரித்தவர்மீது குற்றமில்லை. திருத்தும் அதிகாரத்தைச் சட்டமே தந்திருந்தது. அவ்வதிகாரத்திற்கும் எல்லையுண்டு என்பது 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில், பதின்மூவர் அமர்ந்த ஆயத்தில் ஒரு வாக்கு மிகையால் நிலைபெற்ற கொள்கை. பின்னாளைய கோலால் முன்னாளைய வாக்கை அளப்பது நியாயமாகாது.

எதிர்ப்பு வீணாயிற்றென்றும் சொல்வதற்கில்லை. முதலில் வந்த மசோதாவில் பேச்சுரிமைக் கட்டுப்பாட்டுக்கு முன் 'நியாயமான' என்ற சொல் இல்லை. தெரிவுக் கமிட்டியில் அது சேர்ந்தது. அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டே நீதிமன்றங்கள் இன்றளவும் அரசாங்கத்தின் தடைகளை எடைபோட்டு வருகின்றன. வாக்குப் பட்டியலில் இந்த வெற்றிக்கு இடமில்லை.

இனி, முகர்ஜியையே அவர் பிடித்த கோலால் அளந்து பார்ப்போம். 1950 பிப்ரவரி 25-ஆம் நாள், விசாரணையின்றி ஆளைச் சிறைவைக்கும் தடுப்புக் காவல் மசோதாவை உள்துறை அமைச்சர் பட்டேல் கொணர்ந்தார். ஒரே நாளில் அது நிறைவேறிற்று. அன்று முகர்ஜி தொழில் துறை அமைச்சர். அமைச்சரவைக்குக் கூட்டுப் பொறுப்பு உண்டென்பது அரசியல் சட்டத்தின் விதி. அவர் ஏப்ரலில் பதவி துறந்தது உண்மை. ஆனால் அது நேரு–லியாகத் ஒப்பந்தத்தை எதிர்த்தேயன்றி இச்சட்டத்தை எதிர்த்தன்று. 1952-இல் கல்கத்தா தென்கிழக்குத் தொகுதியின் உறுப்பினராக அவர் லோக் சபையில் நின்று தடுப்புக் காவலைத் தாக்கியபோது, இரண்டாண்டுக்கு முந்தைய அவரது மௌனம் நம் கண்ணுக்குத் தப்பாது.

அவருக்காகவும் ஒன்று சொல்லவேண்டும். 22-ஆவது விதியே தடுப்புக் காவலை ஒப்புகிறது. எனவே 1950-இல் அவர் எழுத்தை மீறவில்லை. 1952-இல் எழுத்திற்கு அப்பால் அதன் நோக்கத்தைப் பற்றிப் பேசினார். தம் அரசியல் பேச்சுக்கே ஆபத்து வந்த பின்னர்தான் அவர் விழித்தார் என்பாரும் உண்டு. அயல்நாட்டு நட்புறவு என்ற சொற்றொடர் பாகிஸ்தானைப் பற்றிய அவருடைய பேச்சைத் தைத்தது மெய்யே. ஆயினும் வாக்கின் நேர்மையை வாக்காளியின் ஆதாயத்தால் அளப்பது நமக்கு உடன்பாடன்று. அவ்வாறு அளந்தால் எந்த உறுப்பினரும் தேறமாட்டார். முதல் திருத்தத்தில் அவரது நிலைக்கு நாம் மதிப்பளிக்கிறோம்; தடுப்புக் காவலில் அவர் கணக்குப் பாதியே நேர்படுகிறது.

1950-இல் சென்னை மாகாணத்தில் தடுப்புக் காவலில் இருந்துகொண்டு அச்சட்டத்தை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டில் வழக்காடித் தோற்ற ஏ. கே. கோபாலன், 1952-இல் கம்யூனிஸ்டு உறுப்பினராக அதே லோக் சபையில் வந்து அமர்ந்தார். கொள்கையில் வடதுருவமும் தென்துருவமுமான இருவரும் தடுப்புக் காவலை எதிர்த்து ஒரே பக்கம் நின்றனர். மறு ஆண்டு மே மாதம் காஷ்மீர எல்லையில் கைதான முகர்ஜி, விசாரணை ஏதுமின்றிக் காவலிலேயே ஜூன் 23-ஆம் நாள் மறைந்தார். ஓராண்டுக்கு மட்டும் என்று 1950-இல் இயற்றப்பட்ட சட்டமோ மீண்டும் மீண்டும் ஆயுள் நீட்டப்பட்டு 1969 டிசம்பர் முடிய உயிர்வாழ்ந்தது. 1971-இல் மிசா அதன் இடத்திற்கு வந்தது.