துப்பாக்கி ஏந்தியவளின் வாக்குமூலம்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரான்சுக்குள் வராதிருந்த அமெரிக்கப் படங்கள், போர் முடிந்தபின் பாரிஸ் திரையரங்குகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. அவற்றின் இருளைக் கண்ட விமர்சகர் நினோ ஃபிராங்க் 1946இல் அவற்றை 'ஃபிலிம் நுவார்' என்றார். நனைந்த தெரு, சன்னல் சட்டங்களின் நிழல், குற்றத்தில் கால் வைத்த ஓர் ஆண். அவனை அந்தக் குற்றத்துக்கு இழுத்த ஓர் அழகி. இந்த அழிவுநாயகியைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். அவளுடைய கதையை நமக்குச் சொல்பவர் யார் என்பதே நான் இங்கு எழுப்பும் கேள்வி.

1944இல் வெளிவந்த பில்லி வைல்டரின் 'டபுள் இன்டெம்னிட்டி' இவ்வகைக்கு முன்மாதிரி. பார்பரா ஸ்டான்விக் ஏற்ற பிலிஸ், கணவன் பெயரில் விபத்துக் காப்புறுதி எடுக்க வைத்து, காப்புறுதி முகவரைக் கொண்டே அவனைக் கொல்விக்கிறாள். ஆனால் படம் முழுவதும் அந்த முகவர் ஒலிப்பதிவுக் கருவியில் சொல்லும் வாக்குமூலம். கொலையில் சரிபாதிப் பங்காளி அவன், கதைசொல்லியும் அவனே. போரின்போது தொழிற்சாலைக்குப் போய்ச் சொந்தச் சம்பளம் கண்ட பெண்ணைப் பற்றிய ஆண்களின் அச்சமே இப்பாத்திரத்தை வளர்த்தது என்பர் ஆய்வாளர். 1934 முதல் ஹாலிவுட்டில் கண்டிப்பாக அமுலான தணிக்கை நெறியோ, குற்றவாளி எவரும் தண்டனையின்றித் தப்பக் கூடாது என்றது. ஆகவே அவள் கவர்ந்தாள், கெடுத்தாள், செத்தாள். தன் பக்கத்தைச் சொல்ல அவளுக்கு நேரமே வாய்க்கவில்லை.

தமிழில் இந்த இருளை முழுமையாகக் கொண்டுவந்த படம், ஏவி.எம். தயாரித்து வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954). திரைக்கதை ஜாவர் சீதாராமன், ஒளிப்பதிவு எஸ். மாருதிராவ். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. 1943இல் ஜப்பானியக் குண்டு விழுந்த சென்னையில், வானொலிப் பொறியாளன் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறான். அயலவர், தம்பி, தம்பி மனைவி, காதலி என்று ஒவ்வொருவரும் தத்தம் கதையைச் சொல்கிறார்கள். வழக்கமான நுவார்ப் படமாக இருந்தால் பழி காதலி அம்புஜத்தின் மேல் விழுந்திருக்கும். இங்கோ துப்பாக்கி பண்டரிபாயின் உஷா கையில், அதாவது மனைவியின் கையில் இருந்தது. காதலைக் காட்டி நம்பவைத்து, நாட்டைப் பகைவனுக்கு விற்றவன் சிவாஜி கணேசனின் ராஜன். மயக்கி அழிக்கும் பாத்திரம் ஆணுக்கு மாறிவிட்டது. அதைவிட முக்கியமானது, கடைசி வாக்குமூலம் உஷாவுடையது என்பது. கணவனா நாடா என்று அவள் தவித்த தவிப்பை அவள் வாயாலேயே கேட்கிறோம். தமிழ்த் திரை எட்டிய உயரங்களுள் ஒன்றாக அக்காட்சியை நான் மதிக்கிறேன்.

பத்தாண்டுகள் கழித்து, தாதா மிராசி இயக்கிய 'புதிய பறவை' (1964) இதே கேள்வியை வேறு விதமாகத் தொட்டது. சரோஜாதேவியின் லதா காதலிபோல் நெருங்கி உண்மையைப் பிடுங்கும் துப்பறிவாளர். அவளுடைய மாயம் நீதிக்காக. இறந்துபோன மனைவி சித்ராவை மட்டும் நாம் கணவன் கோபால் சொன்னபடிதான் அறிகிறோம். சௌகார் ஜானகி அவ்வளவு உயிரோடு நடித்த பாத்திரத்துக்கு மறுத்துரைக்க ஒரு வாய்ப்பும் இல்லை.

நம் பழங்கதைகள் இவ்விடத்தில் நுவாரைவிட நியாயமானவை. பழையனூர் நீலியைவிடப் பயங்கரமான மாயக்காரி தமிழில் இல்லை. கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, எழுபது வேளாளரை நம்பவைத்து, வணிகனைக் கொன்றாள். ஆனால் அக்கதை அவள் முற்பிறப்பில் அவனால் கொல்லப்பட்டதிலிருந்து தொடங்குகிறது. இலங்கை மலையகத்தில் கொட்டகலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் கொண்டுவந்த காமன் கூத்திலும், ஆசையை அம்பாக எய்பவன் மன்மதன். போக வேண்டாம் என்று தடுப்பவள் ரதி. அவன் எரிந்தபின் சிவனிடம் முறையிட்டு நியாயம் கேட்பவளும் அவளே. ஆயினும் ரதி வேடத்தை மரபாகக் கட்டியவர்கள் ஆண்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

மலையகத்துப் பெண்ணை உலகம் பெரும்பாலும் பிறர் சொல்லியே அறிந்திருக்கிறது. தேயிலைப் பெட்டியில் கூடையோடு சிரிப்பவளுக்கும் வாக்குமூலம் கிடையாது. இந்த நிலைக்கு எதிராகத் தன் குரலிலேயே பாடியவர் மீனாட்சி அம்மாள் நடேசய்யர். தோட்டத் தொழிலாளரின் துயரையும் உரிமையையும் பாட்டாக்கி மேடைகளில் அவர் பாடினார். அந்த வழி இன்னும் நீள வேண்டும்.

ஆதலால் இம்மலரை வாசிக்கும் மாணவியருக்கும் ஆசிரியைகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான். 'அந்த நாள்' படத்தைத் தேடிப் பாருங்கள். உஷாவின் கடைசி உரையைக் கவனமாகக் கேளுங்கள். பிறகு உங்கள் தோட்டத்தின் கதையை, உங்கள் பாட்டியின் கதையை, நீங்களே திரைக்கதையாக எழுதுங்கள்.