கணக்குப் புத்தகத்தில் ஒரு வினா

சர்வாதிகாரமும் பள்ளிக்கல்வியும் என்றவுடன் நாம் முதலில் புரட்டுவது வரலாற்றுப் பாடநூலை. நாஜி ஜெர்மனியைப் பற்றிய ஆய்வுகளும் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகின்றன. வரலாறும் உயிரியலும் இனவாதத்துக்கு ஏற்பத் திருத்தப்பட்டன. யூத ஆசிரியர்கள் நீக்கப்பட்டனர். 1937 வாக்கில் ஆசிரியர்களில் ஏறத்தாழ 97 விழுக்காட்டினர் கட்சிசார் ஆசிரியர் அமைப்பில் உறுப்பினர்கள். இவை பலரும் எழுதியவை. மொழியியல் வழியே அந்தக் காலத்தை வாசிக்கும் எனக்கு இவற்றைவிட அதிகம் உறுத்துவது கணக்குப் புத்தகம்தான்.

1930களின் நடுவில், தேசிய அரசியற் கல்விக்குக் கணிதம் எவ்வாறு பணிபுரியலாம் என்பதை விளக்கி, அடால்ஃப் டோர்னர் என்பவரின் பெயரில் ஆசிரியர்களுக்கான கையேடு ஒன்று வெளிவந்தது. அதிலுள்ள ஒரு கணக்கின் சாரம் இது. மனநோயாளி ஒருவரைப் பராமரிக்க நாளொன்றுக்கு 4 மார்க் செலவாகிறது. ஊனமுற்றவருக்கு (அந்நூலின் சொல்லையே தருகிறேன்) 5.50 மார்க், குற்றவாளிக்கு 3.50 மார்க். ஆனால் கடைநிலைத் தொழிலாளி பலருக்கு நாள் வருமானம் 2 மார்க் கூட இல்லை. காப்பகங்களில் இருப்போர் 3 லட்சம். தலைக்கு 4 மார்க் வீதம் ஆண்டுச் செலவு எவ்வளவு? அத்தொகையில் 1,000 மார்க் வீதம் எத்தனை திருமணக் கடன்கள் வழங்கலாம்?

போட்டுப் பார்த்தேன். 43 கோடியே 80 லட்சம் மார்க், 4,38,000 கடன்கள். பெருக்கலும் வகுத்தலும் சரிதான். திருமணக் கடனும் கற்பனை அன்று. 1933இல் தொடங்கிய உண்மையான திட்டம் அது. குழந்தை ஒன்று பிறந்தால் கடனில் கால் பங்கு தள்ளுபடி. பரம்பரை நோய் உள்ளோருக்கும் யூதருக்கும் அது கிடையாது.

‘கடனை எப்போது திருப்பித் தருவாய்?’ என்று ஒருவரைக் கேட்டால், கடன் வாங்கினாரா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. விடை எதுவாயினும் கடன் இருப்பது உறுதியாகிவிடுகிறது. மொழியியலில் இதனை முன்னனுமானம் என்கிறோம். சொற்கணக்கு என்னும் வடிவமே இவ்வாறு அமைந்ததுதான். ‘பத்து மாம்பழம் வைத்திருந்த ராமு’ என்று தொடங்கினால், ராமு யார், பழம் யாருடையது என்று எந்த மாணவரும் கேட்பதில்லை. கேட்டால் வகுப்பு சிரிக்கும். மேற்கண்ட கணக்கு யாரையும் வெறுக்கச் சொல்லவில்லை, எவரையும் கொல்லச் சொல்லவும் இல்லை. நோயாளியின் உணவும் புதுமணத் தம்பதியரின் கடனும் ஒரே பணப்பையிலிருந்து வருகின்றன, ஒன்று குறைந்தால் மற்றொன்று கூடும் என்பதை மட்டும் ‘கொடுக்கப்பட்டவை’ என்ற இடத்தில் வைத்துவிடுகிறது. வரலாற்றுப் பாடத்தில் வீட்டிலுள்ள தாத்தாவாவது மறுத்துப் பேசக்கூடும். இங்கே மறுக்க ஒரு கூற்றே இல்லை; வினா மட்டுமே உண்டு. சரியான விடைக்கு மதிப்பெண்ணும் உண்டு.

இச்சிந்தனை நாஜிகள் கண்டுபிடித்தது அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். சட்ட அறிஞர் கார்ல் பின்டிங்கும் மனநல மருத்துவர் ஆல்ஃபிரெட் ஹோஹெயும் 1920இலேயே, வைமார் குடியரசின் காலத்தில், ‘வாழத் தகுதியற்ற உயிர்’ என்ற கருத்தை முன்வைத்து நூல் எழுதிவிட்டனர். அன்று அது விவாதப் பொருள். எதிர்த்து எழுதியவர்களும் இருந்தனர். 1933க்குப் பின் எதிர்ப்போர் வாயடைக்கப்பட்டனர். விவாதப் பொருளாக இருந்தது பயிற்சிக் கணக்காக வகுப்பறைக்குள் வந்தது. அதே ஆண்டின் ஜூலைச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 4 லட்சம் பேர் கட்டாயக் கருத்தடைக்கு உள்ளாயினர்.

1940 ஜனவரி முதல் 1941 ஆகஸ்ட் வரை, ‘டி4’ எனப்பட்ட திட்டத்தின்படி ஆறு நிலையங்களில் காப்பக நோயாளிகள் நச்சுவாயுவால் கொல்லப்பட்டனர். போர் முடிந்தபின், அவற்றுள் ஒன்றான ஹார்ட்ஹைம் மாளிகையில் அமெரிக்கர் ஒரு புள்ளிவிவர ஏட்டைக் கண்டெடுத்தனர். கொல்லப்பட்டோர் 70,273 என்று அதில் இருந்தது. இவர்கள் மேலும் பத்தாண்டு வாழ்ந்திருந்தால் ஆகியிருக்கும் செலவைக் கணித்து, 88 கோடி மார்க்குக்கு மேல் மிச்சம் என்றும் எழுதியிருந்தனர். ரொட்டி, உருளைக்கிழங்கு, ஜாம், முட்டை எனப் பண்டவாரியாகவும் மிச்சக் கணக்கு உண்டு. டோர்னரின் கணக்கும் இந்த ஏடும் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை.

ஆயினும் அக்கையேடுதான் கொலையாளிகளை உருவாக்கியது என்று நான் வாதிடவில்லை. காலம் பொருந்தாது. டி4 மருத்துவர்கள் அதற்கு முன்பே படித்து முடித்தவர்கள். 1936இல் பதினைந்து வயதில் இக்கணக்கைப் போட்ட மாணவருக்கு 1940இல் வயது பத்தொன்பதுதான். கொல்வதற்குச் சிலர் போதும். சாம்பல் நிறப் பேருந்துகள் ஊருக்குள் வரும்போது வேறுபக்கம் திரும்பிக்கொள்ளப் பலர் வேண்டும். பாடம் அந்தப் பலருக்கானது.

அதிலும் அது முழு வெற்றி பெற்றதாகத் தெரியவில்லை. 1941 ஆகஸ்ட் 3 அன்று மியுன்ஸ்டர் ஆயர் ஃபான் காலன் இக்கொலைகளைக் கொலை என்றே பெயரிட்டுப் பிரசங்கித்தார். அம்மாத இறுதியில் வாயுக்கூடக் கொலைகள் நிறுத்தப்பட்டன. ஆனால் பட்டினியாலும் மருந்தாலும் கொல்வது போர் முடியும்வரை தொடர்ந்தது. அதே ஆகஸ்டில் லிம்பர்க் ஆயர் நீதியமைச்சருக்கு எழுதிய கடிதமொன்று உள்ளது. கொலை நிலையம் இருந்த ஹாடமார் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றியது. பேருந்தைக் கண்டால் கொலைப்பெட்டி வருகிறது என்கிறார்களாம். தமக்குள் சண்டை வந்தால், உனக்கு மூளையில்லை, உன்னை ஹாடமார் அடுப்புக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஒருவரையொருவர் பழிக்கிறார்களாம்.