பழைய தானுந்துகளின் வளிப்பதனியைப் பழுதுபார்த்தல்

பழைய தானுந்துகளின் வளிப்பதனியைப் பழுதுபார்த்தல் என்பது, ஆர்-12 எனப்படும் குளிர்பதன வளிமத்துக்காக வடிவமைக்கப்பட்ட வளிப்பதன அமைப்புகளை மீண்டும் இயங்கச் செய்யும் பணி ஆகும். 1990களின் தொடக்கம் வரை உருவாக்கப்பட்ட பெரும்பாலான தானுந்து வளிப்பதனிகள் இவ்வகையின. இப்பணியின் பெரும்பகுதியை உரிமையாளரே வீட்டில் செய்துகொள்ள முடியும். ஆனால் எஞ்சியுள்ள வளிமத்தை வெளியேற்றும் பணியைத் தகுதிச் சான்று பெற்றவரிடம் விடுதல் வேண்டும். இக்கட்டுரை, இவ்வகைத் தானுந்துகள் மிகுதியாக உள்ள ஐக்கிய அமெரிக்காவின் நடைமுறையைத் தழுவியது.

வரலாறு

பக்கார்ட் நிறுவனம் 1939 ஆம் ஆண்டில், அடுத்த ஆண்டுக்கான தானுந்துகளில் வளிப்பதனியை அறிமுகப்படுத்தியது. அதன் அமுக்கியில் கிளட்ச் இல்லாததால், வளிப்பதனியை நிறுத்துவதற்கு இயந்திரத்தை நிறுத்தி வார்ப்பட்டையைக் கழற்ற வேண்டியிருந்தது. 1954 ஆம் ஆண்டில் நாஷ் நிறுவனம், சூடாக்கி, குளிரூட்டி இரண்டையும் ஒருங்கிணைத்து முன்பகுதியிலேயே பொருத்திய அமைப்பை வெளியிட்டது. இதன் பின்னரே வளிப்பதனி பரவலானது.

இவ்வமைப்புகளில் பயன்பட்ட ஆர்-12, குளோரின் அடங்கிய ஒரு சேர்மம் ஆகும். இவ்வகைச் சேர்மங்கள் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என மாரியோ மொலினா, செர்வுட் ரோலண்ட் ஆகியோர் 1974 இல் எடுத்துக்காட்டினர். 1987 இல் மொண்ட்ரியால் உடன்படிக்கை கையெழுத்தானது. அமெரிக்காவில் ஆர்-12 உற்பத்தி 1995 ஆம் ஆண்டின் முடிவுடன் நிறுத்தப்பட்டது. வளரும் நாடுகளில் 2010 உடன் இதன் பயன்பாடு விலக்கப்பட்டது. பழைய இருப்பும் மீட்டெடுக்கப்பட்ட வளிமமுமே இன்று கிடைக்கின்றன.

அமைப்பும் இயக்கமும்

வளிப்பதனியில் ஐந்து முதன்மைப் பாகங்கள் உள்ளன.

* அமுக்கி: பட்டறைகளில் கம்ப்ரசர் எனப்படும். வளிமத்தை அமுக்கி அதன் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் உயர்த்தும்.
* ஒடுக்கி: கதிர்வீசிக்கு முன்னால் அமைந்திருக்கும். வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டு வளிமத்தை நீர்மமாக்கும்.
* உலர்த்தி: நீர்மத்தைச் சேமித்து, ஈரத்தை உறிஞ்சும்.
* விரிவு வால்வு: நீர்மத்தைச் சிறு துளை வழியாக விட்டு அழுத்தத்தைக் குறைக்கும்.
* ஆவியாக்கி: பயணிகள் பக்கத்துக் காற்றின் வெப்பத்தை உறிஞ்சும். இங்கு நீர்மம் மீண்டும் வளிமமாகும்.

வளிமம் ஒரு மூடிய சுற்றில் சுழல்வதால் அது தேய்ந்து தீர்ந்துபோவதில்லை. அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிவு உள்ளது என்பதே பொருள். கசிவை அடைக்காமல் வளிமத்தை மட்டும் நிரப்புவது சில நாட்களுக்கே பயன்தரும். நிரப்பியது முழுவதும் வளிமண்டலத்தில் கலந்துவிடும்.

குளிர்பதனப் பொருளைத் தேர்தல்

உரிமையாளருக்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, கசிவுகளை நீக்கி ஆர்-12 வளிமத்தையே பயன்படுத்துவது. இதனால் அமைப்பு அதன் மூல வடிவிலேயே இயங்கும். ஆயினும் வளிமத்தின் விலை அதிகம். அமெரிக்காவில் இதனை வாங்குவதற்குத் தகுதிச் சான்றும் தேவை.

இரண்டாவது, ஆர்-134ஏ வளிமத்துக்கு மாற்றுவது. இது ஓசோன் படலத்தைச் சிதைப்பதில்லை. ஆனால் புவியைச் சூடாக்கும் திறன் கொண்டது. ஆகையால் இதனையும் வெளியே விடுதல் கூடாது. மிகு வெப்பத்தில் இதன் அழுத்தம் ஆர்-12 ஐ விடக் கூடுதலாக இருப்பதால், பழைய ஒடுக்கி ஈடுகொடுக்காமல், வண்டி நெரிசலில் நிற்கும்போது குளிர்ச்சி குறையலாம். கூடுதல் விசிறியோ புதுவகை ஒடுக்கியோ இக்குறையைத் தணிக்கும்.

புரொப்பேன் போன்ற எரியும் வளிமங்களை ஆர்-12 க்கு மாற்றாக இவ்வண்டிகளில் நிரப்புவதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அனுமதிப்பதில்லை. ஆவியாக்கி பயணிகள் அறைக்கு அருகில் இருப்பதால் கசிவு தீவிபத்துக்கு வழிவகுக்கும்.

செய்முறை

வளிமத்தை மீட்டல்

குழாய்களைக் கழற்றுவதற்கு முன் எஞ்சிய வளிமம் மீட்புக் கருவியால் உருளையில் சேகரிக்கப்பட வேண்டும். அமெரிக்காவில் ஆர்-12 ஐ வேண்டுமென்றே வெளியே விடுவது 1992 முதலும், ஆர்-134ஏ வை விடுவது 1995 முதலும் குற்றமாகும். அமைப்பு வெறுமையாக உள்ளதெனத் தோன்றினாலும் அழுத்தமானியால் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கசிவைக் கண்டறிதல்

பழைய அமைப்புகளில் கசிவு பெரும்பாலும் அமுக்கியின் தண்டு அடைப்பு, இணைப்புகளில் உள்ள ஓ-வளையங்கள், முதிர்ந்த இரப்பர்க் குழாய்கள் ஆகிய இடங்களில் ஏற்படும். வளிமத்துடன் எண்ணெயும் வெளியேறுவதால், எண்ணெய்ப் பிசுக்குடன் தூசி படிந்த இடத்தை முதலில் ஐயுற வேண்டும். காலியான அமைப்பில், அழுத்தக் கட்டுப்பாட்டி வழியாக உலர் நைதரசனைச் செலுத்தி இணைப்புகளில் சவர்க்கார நீர் தடவினால், கசியும் இடத்தில் குமிழிகள் தோன்றும். ஒட்சிசனை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. எண்ணெயுடன் சேர்ந்து வெடிக்கும். சாதாரண அமுக்கக் காற்று ஈரத்தை உட்செலுத்தும்.

பாகங்களை மாற்றுதல்

ஆர்-12 உடன் பயன்படும் கனிம எண்ணெய், ஆர்-134ஏ உடன் கலப்பதில்லை. பழைய எண்ணெயை விட்டுவைத்தால் அது சுற்றில் தேங்கிவிடும். உயவில்லாமல் அமுக்கி இறுகிவிடும். எனவே குழாய்களைக் கழுவி, பிஏஜி அல்லது எஸ்டர் வகை எண்ணெய் இட வேண்டும். பிஏஜி எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை விரைவில் உறிஞ்சும் என்பதால் அதன் கலத்தைத் திறந்து வைக்கக் கூடாது.

ஓ-வளையங்களையும் உலர்த்தியையும் புதிதாக மாற்ற வேண்டும். இரப்பர்க் குழாய்களுக்குப் பதிலாக உட்புறத் தடுப்புப் படலம் உடையவற்றைப் பொருத்துவது நன்று. ஆர்-134ஏ க்கு உரிய இணைப்பு முனைகளையும், மாற்றத்தைக் குறிக்கும் ஒட்டுவில்லையையும் பொருத்துவது அமெரிக்க விதியாகும்.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 1960களைச் சேர்ந்த பல வண்டிகளில் பிஓஏ எனப்படும் வால்வு, ஆவியாக்கியின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி உறைபனி படியாமல் காக்கின்றது. நீரின் உறைநிலையில் ஆர்-12 இன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 30 பவுண்டு. ஆர்-134ஏ இன் அழுத்தம் ஏறத்தாழ 28 பவுண்டு. ஆகவே வளிமத்தை மாற்றும்போது இவ்வால்வின் அமைவையும் சற்றுக் குறைத்தல் வேண்டும்.

வெற்றிடமாக்கல்

சுற்றில் ஈரம் இருப்பின் அது விரிவு வால்வில் பனிக்கட்டியாகி அடைக்கும். அமிலத்தை உண்டாக்கிப் பாகங்களை அரிக்கும். வெற்றிடப் பம்பியால் 29 அங்குலப் பாதரச அளவுக்கு வெற்றிடமாக்கினால் நீர் ஏறத்தாழ 25 பாகை செல்சியசிலேயே கொதித்து வெளியேறும். கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 அடிக்கும் இவ்வளவீடு ஏறத்தாழ 1 அங்குலம் குறையும். பம்பியைக் குறைந்தது 45 நிமிடங்கள் இயக்கிய பின்னர் நிறுத்தி, அரை மணி நேரம் முள்ளைக் கவனிக்க வேண்டும். முள் நகர்ந்தால் கசிவோ ஈரமோ எஞ்சியுள்ளது. அந்நிலையில் நிரப்புதல் கூடாது.

நிரப்புதல்

ஆர்-134ஏ, ஆர்-12 க்குக் குறிப்பிட்ட நிறையில் ஏறத்தாழ 80 முதல் 90 விழுக்காடு போதுமானது. 4 பவுண்டு ஆர்-12 கொள்ளும் அமைப்புக்கு 3.2 முதல் 3.6 பவுண்டு வரை தேவைப்படும். இயந்திரம் இயங்கும்போது தாழ் அழுத்தப் பக்கம் வழியாக, கலத்தை நிமிர்த்திப் பிடித்து, வளிம நிலையிலேயே நிரப்ப வேண்டும். நீர்மம் புகுந்தால் அமுக்கி உடையும். உயர் அழுத்தப் பக்கத்தில் கலத்தை இணைத்தால் கலமே வெடிக்கக்கூடும்.

பாதுகாப்பு

ஆர்-12 ஏறத்தாழ -30 பாகை செல்சியசிலும், ஆர்-134ஏ ஏறத்தாழ -26 பாகையிலும் கொதிப்பவை. தோலிலோ கண்ணிலோ பட்டால் உறைபுண் உண்டாகும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். தீச்சுவாலையில் பட்ட ஆர்-12 நச்சு வளிமங்களைத் தரும். மூடிய கொட்டகையில் பணியாற்றக் கூடாது.

பராமரிப்பு

நீண்ட நாள் நிறுத்தி வைக்கப்படும் வண்டிகளில் அமுக்கியின் தண்டு அடைப்பு காய்ந்து கசியத் தொடங்கும். மாதம் ஒருமுறை சில நிமிடங்கள் வளிப்பதனியை இயக்கினால் எண்ணெய் சுழன்று அடைப்பு ஈரமாகவே இருக்கும்.

இவற்றையும் பார்க்க

* வளிப்பதனம்
* ஓசோன் படலம்
* மொண்ட்ரியால் உடன்படிக்கை
* தானுந்து