எண்ணிப் பார்த்தவர்கள்

நோய் வந்தால் மருத்துவரிடம் செல்கிறோம். அவர் மருந்து தருகிறார். சில நாட்களில் நோய் நீங்குகிறது. மருந்தினால்தான் நீங்கியது என்று எப்படிச் சொல்வது? மருந்தே உண்ணாதிருந்தாலும் நீங்கியிருக்கலாம் அல்லவா? எளிய கேள்விதான். ஆனால் இதை முறையாகக் கேட்டு விடை காண மருத்துவ உலகுக்குப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. இக்கேள்வி கூர்மையாக எழுந்த இடங்களுள் ஒன்று, 1830-களின் பாரிஸ் நகரம். அங்கே படிக்கச் சென்ற ஓர் அமெரிக்க மாணவரைப் பின்தொடர்ந்து நாமும் அந்நகர மருத்துவமனைகளை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம்.

அம்மாணவரின் பெயர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். 1809-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் பிறந்தவர். முதலில் ஓராண்டு சட்டம் படித்தார், மனம் ஒட்டவில்லை. மருத்துவத்துக்கு மாறினார். 1833-இல், தம் 23-ஆம் வயதில், கப்பலேறிப் பாரிஸ் போய்ச் சேர்ந்தார்.

பாரிஸ் ஏன்?

அன்றைய அமெரிக்காவில் பெரிய மருத்துவமனைகள் மிகக் குறைவு. பாரிசிலோ ஆயிரக்கணக்கான ஏழை நோயாளிகள் பெரிய மருத்துவமனைகளில் கிடந்தனர். புகழ்பெற்ற மருத்துவர்கள் நாள்தோறும் காலையில் படுக்கை படுக்கையாகச் சென்று நோயாளிகளைப் பார்ப்பர். அவர்கள் பின்னால் மாணவர் கூட்டம் செல்லும். அயல்நாட்டு மாணவரும் அக்கூட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம். அதற்குக் கட்டணம் இல்லை. லேனெக் 1816-இல் கண்டுபிடித்த ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்துக் கேட்டுப் பழகலாம். நோயாளி இறந்துபோனால், உடலை அறுத்துப் பார்த்து, உள்ளுறுப்பில் என்ன கேடு நேர்ந்தது என்று அறியலாம். இந்த வாய்ப்பைத் தேடி நூற்றுக்கணக்கான அமெரிக்க மாணவர்கள் அங்கே சென்றனர்.

அட்டையும் கத்தியும்

அங்கே ஹோம்ஸ் கண்ட சிகிச்சை எது? பெரும்பாலும் குருதி வடித்தல்! காய்ச்சலா, நுரையீரல் அழற்சியா, தலைவலியா, எதுவானாலும் சிரையைக் கீறிக் குருதியை வெளியேற்றுவர். அல்லது உடலில் அட்டைகளை விடுவர். இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் அது. புரூசே என்ற மருத்துவர் அதற்குப் புதிய விளக்கமும் தந்திருந்தார். எல்லா நோய்க்கும் வேர் இரைப்பை, குடல் ஆகியவற்றின் அழற்சியே என்றும், அட்டை விட்டால் அது தணியும் என்றும் அவர் முழங்கினார். அவர் செல்வாக்கைக் காட்ட ஒரு கணக்குப் போதும். 1833-ஆம் ஆண்டில் மட்டும் பிரான்சு இறக்குமதி செய்த அட்டைகள் 4 கோடிக்கும் மேல்!

லா பித்தியே மருத்துவமனையில் லிஸ்ஃபிராங்க் என்ற அறுவை மருத்துவரையும் ஹோம்ஸ் பின்தொடர்ந்தார். ஒரு நாள் காலை, யாருக்கு என்ன நோய் என்றுகூடப் பாராமல், வரிசையாகப் பல நோயாளிகளுக்குக் குருதி வடிக்க அவர் ஆணையிட்டதைப் பிற்காலத்தில் ஹோம்ஸ் நினைவுகூர்ந்து எழுதியுள்ளார். இவையெல்லாம் போலி மருத்துவம் அல்ல. பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்ட மருத்துவம் என்பதை மறக்க வேண்டாம்.

எண்ணத் துணிந்த ஆசிரியர்

அதே லா பித்தியேயில் வேறு வகையான ஆசிரியர் ஒருவரும் இருந்தார். அவர் பியர் லூயி. இளமையில் ரஷ்யப் பேரரசில் மருத்துவத் தொழில் செய்தவர். அங்கே குழந்தைகளிடையே தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது தம் மருத்துவம் பயன்படவில்லை என்று கண்டார். பாரிசுக்குத் திரும்பினார், சொந்தத் தொழிலை விட்டுவிட்டு, பல ஆண்டுகள் மருத்துவமனையிலேயே தங்கி நோயாளி ஒவ்வொருவரைப் பற்றியும் விரிவான குறிப்பு எடுத்தார். நோய் எந்நாள் தொடங்கியது, எந்நாள் குருதி வடித்தனர், எந்நாள் குணமாயிற்று அல்லது இறந்தார் என்று எல்லாவற்றையும் பதிந்தார். பின்னர், அதுவரை பெரும்பாலோர் செய்யாத ஒன்றைச் செய்தார்: எண்ணினார்!

நுரையீரல் அழற்சி நோயாளிகள் 77 பேரை அவர் இரு குழுக்களாகப் பிரித்தார். நோய் கண்ட முதல் 4 நாட்களுக்குள் குருதி வடிக்கப்பட்டவர் 41 பேர். 5 முதல் 9 நாட்களுக்குள் வடிக்கப்பட்டவர் 36 பேர். குருதி வடித்தல் உண்மையிலேயே நோயை வெட்டி வீழ்த்துமானால், முன்னதாகவே செய்துகொண்டவருக்கு மிகுந்த நன்மை கிடைத்திருக்க வேண்டும். கிடைத்ததா? முதல் குழுவில் 18 பேர் இறந்தனர். அதாவது 44 விழுக்காடு. இரண்டாம் குழுவில் இறந்தவர் 9 பேர், 25 விழுக்காடு. நோய் நீடித்த காலம் மட்டும் முதல் குழுவில் 3 நாட்கள் குறைவு. நூல்கள் புகழ்ந்த பேராற்றல் எங்கும் காணோம்! 1828-இல் கட்டுரையாகவும் 1835-இல் நூலாகவும் இவ்வாய்வு வெளிவந்தது.

இந்தக் கணக்கில் குறை உண்டா? உண்டு. குருதியே வடிக்காத குழு ஒன்று இல்லை. இரு குழுக்களின் வயதும் நோயின் கடுமையும் ஒத்திருந்தனவா என்றும் பார்க்க வேண்டும். எண்ணிக்கையும் சிறிது. தனி ஊசலின் அலைவு நேரத்தை ஒரே ஓர் அலைவைக் கொண்டு கணக்கிட்டால் ஆசிரியர் ஏற்றுக்கொள்வாரா? இருபது அலைவுகளுக்கு நேரம் பாருங்கள், மீண்டும் பாருங்கள் என்பார். லூயியின் முறைக்கும் அதே திருத்தம் வந்தது. கணிதம் பயின்ற கவாரே என்பவர் 1840-இல் எழுதிய நூலில், நிகழ்தகவுக் கணக்கின்படி இத்தகைய முடிவுக்குப் பல நூறு நோயாளிகள் தேவை என்று காட்டினார். இவர் பின்னாளில் பாரிசில் மருத்துவ இயற்பியல் பேராசிரியர் ஆனார் என்பது நமக்குச் சுவையான செய்தி! ஆயினும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற அடிப்படையை நிலைநாட்டியவர்களுள் லூயி தலையாயவர்.

மாற்று மருத்துவம் வந்தது

1835-இல் பாரிசுக்கு இன்னொரு மருத்துவர் வந்து குடியேறினார். அவர் ஓமியோபதியின் தந்தை ஹானிமன். அப்போது அவருக்கு வயது 80. நலமாக உள்ளவருக்கு ஒரு நோயின் குறிகளை உண்டாக்கும் பொருளே, நோயாளியிடம் அக்குறிகளை நீக்கும் என்பது அவர் கொள்கை. மருந்தை மிக மிக நீர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது இரண்டாவது கொள்கை. பாரிஸ் செல்வர்கள் அவரிடம் திரண்டனர்.

இதையும் ஒருவர் சோதித்தார். லா பித்தியே மருத்துவரான அந்திரால், 130 முதல் 140 நோயாளிகளுக்கு, பலரும் பார்த்திருக்க, ஓமியோபதி மருந்துகளைக் கொடுத்துக் குறிப்பெடுத்ததாகவும், பயன் காணவில்லை என்றும் 1835-இல் மருத்துவக் கழகத்தில் அறிவித்தார். நலமாயிருந்தவர்கள் சின்கோனா மருந்தை உண்டும் முறைக்காய்ச்சல் வரவில்லை என்றும் கண்டார். இங்கும் ஒப்பிடும் குழு இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஹோம்ஸ் 1835 இறுதியில் நாடு திரும்பினார். மறு ஆண்டு ஹார்வர்டில் பட்டம் பெற்றார். அமெரிக்காவிலும் ஓமியோபதி பரவி வந்தது. 1842-இல் பாஸ்டனில் அதைப் பற்றி இரு சொற்பொழிவுகள் ஆற்றினார். அந்திராலின் சோதனையை எடுத்துக்காட்டினார். நீர்த்தல் கணக்கு ஒன்றையும் சொன்னார்: ஒரு துளியிலிருந்து தொடங்கி, எதையும் கொட்டாமல் முழுவதையும் நூறு நூறு மடங்காக நீர்த்துக்கொண்டே போனால், 17-ஆம் படியில் பத்தாயிரம் ஏட்ரியாட்டிக் கடல்கள் அளவு சாராயம் வேண்டும்!

இன்று நாம் இதனினும் கூர்மையாகக் கணக்கிடலாம். 58.5 கிராம் சாதாரண உப்பில் உள்ள சோடியம்-குளோரைடு இணைகளின் எண்ணிக்கை, 6-ஐ அடுத்து 23 சுழிகள் இட்டால் வரும் எண். அவகாட்ரோ எண் அது. ஒவ்வொரு படியிலும் நூறில் ஒரு பங்கை மட்டும் எடுத்து நீர்த்தால், இரண்டு சுழிகள் குறையும். 11-ஆம் படியில் எஞ்சுபவை ஏறத்தாழ 60. 12-ஆம் படியில் ஒன்றுகூட மிஞ்சுவது உறுதியில்லை. ஹானிமன் பரிந்துரைத்ததோ 30 படிகள்!

புதிர் ஒன்று

அப்படியானால் ஓமியோபதி மருத்துவரிடம் சென்ற பலர் குணமடைந்தது எப்படி? அந்தக் கால மருத்துவத்தை எண்ணிப் பாருங்கள். நுரையீரல் அழற்சியால் சோர்ந்து கிடப்பவனிடமிருந்து குருதியை வடிப்பவர் ஒருவர். இனிப்பு உருண்டை கொடுத்து ஓய்வெடுக்கச் சொல்பவர் மற்றொருவர். இரண்டாமவரிடம் சென்றவன், முதலாமவரின் கத்தியிலிருந்தாவது தப்பினான்! மருந்து வேலை செய்யாவிட்டாலும் உடல் தன் வேலையைச் செய்தது. ‘குணமாயிற்று’ என்பது மட்டும் சான்று ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

தன் வீட்டையும் அளந்த கோல்

ஹோம்ஸின் பெருமை ஓமியோபதியைத் தாக்கியதில் மட்டும் இல்லை. அதே அளவுகோலைத் தம் சொந்தத் தொழிலின் மீதும் வைத்தார். பிள்ளை பெற்ற தாய்மாரைக் கொன்றுவந்த பேறுகாலக் காய்ச்சலை, ஒரு தாயிடமிருந்து மற்றொரு தாய்க்குச் சுமந்து செல்பவர்கள் மருத்துவரும் செவிலியருமே என்று 1843-இல் பல நிகழ்ச்சிகளைத் தொகுத்துக் காட்டினார். வியன்னாவில் செம்மல்வைஸ் கைகழுவச் சொன்னது அதற்கு 4 ஆண்டுகளுக்குப் பிறகுதான். பிலடெல்பியாப் பேராசிரியர் மெய்க்ஸ் போன்றோர் கடுமையாக எதிர்த்தனர். ஹோம்ஸ் பின்வாங்கவில்லை, 1855-இல் அக்கட்டுரையை மீண்டும் அச்சிட்டார். 1860-இல், அபின், மயக்க மருந்து போன்ற சிலவற்றை நீக்கிவிட்டு, மற்ற மருந்துகள் அனைத்தையும் கடலில் கொட்டினால் மனிதருக்கு நன்மை, மீன்களுக்குத்தான் கேடு என்று மருத்துவர் அவையிலேயே துணிந்து கூறினார்.

மேலைநாட்டு முறையா, கீழைநாட்டு முறையா, பழையதா, புதியதா என்று இந்த அளவுகோல் பார்ப்பதில்லை. சல்லடை உமியைத் தள்ளும், மணியைத் தள்ளாது. பழைய சீன மருத்துவ நூலில் கண்ட ஒரு குறிப்பைப் பின்பற்றி, மாசிபத்திரி இனச் செடி ஒன்றிலிருந்து மலேரியாவுக்கு மருந்து கண்ட தூ யூயூ, 2015-இல் நோபெல் பரிசு பெற்றார். நூலில் இருந்தது என்பதற்காக அன்று. சோதனையில் தேறியது என்பதற்காக.

சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஓமியோபதி, ஆங்கில மருத்துவம் என்று பல முறைகள் அடுத்தடுத்த தெருக்களில் நடைபெறும் நாடு நம்முடையது. அடுத்த முறை யாரேனும் ஒரு மருந்தைப் புகழ்ந்தால், மாணவர்களே, மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள்? எத்தனை பேருக்குக் குணமாயிற்று? கொடுக்காதவர்களில் எத்தனை பேருக்குக் குணமாயிற்று? மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை. உயிர் பிழைப்பது சில வேளைகளில் அதற்கான விடையைப் பொறுத்தே இருக்கிறது.