தம்பிப் பாப்பா எங்கே? ஒரு கேள்வியின் 1,600 வருடங்கள்

கத்தோலிக்க வீடுகளில் சின்னப் பிள்ளைகள் கேட்கிற கேள்விகளைக் கொஞ்ச நாளாக ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு வருகிறேன். "சாமி எப்போ தூங்குவாரு?", "நன்மை வாங்கினா சேசு வயித்துக்குள்ள என்ன பண்ணுவாரு?" என்று போகும் அந்தப் பட்டியல். பலதுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிடலாம். ஒன்றுக்கு மட்டும் சிரிக்க முடியாது. பிறக்கும்போதே குழந்தை இறந்துபோன ஒரு வீட்டில், புதுநன்மைக்குப் படித்துக்கொண்டிருக்கும் அக்காக்காரி கேட்பாள்: "பாப்பாவுக்கு ஞானஸ்நானமே குடுக்கலையே, மோட்சத்துக்குப் போயிருக்குமா?"

இதற்குத் திருச்சபைக்குள் காலங்காலமாகச் சொல்லப்பட்ட பதில் ஒன்றே ஒன்று இல்லை. அது எப்படி மாறியது, எங்கே முதலில் மாறியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த அகுஸ்தினாரிடமிருந்து ஆரம்பிக்கலாம். பெலாஜியுஸின் ஆதரவாளர்களோடு அவருக்குப் பெரிய வாக்குவாதம். ஆதாமின் பாவம் பிறந்த குழந்தையை எப்படிப் பிடிக்கும் என்பது அவர்கள் கட்சி. சென்மப் பாவம் எல்லோரையும் தொடும், அதனால்தான் குழந்தைக்கும் ஞானஸ்நானம் வேண்டும் என்பது அகுஸ்தினார் கட்சி. அப்படியானால் ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தை? அதற்கும் தண்டனை உண்டு, ஆனால் இருப்பதிலேயே லேசான தண்டனை என்றார் அவர். வாதத்தில் ஓட்டை இல்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் இதை யார் சொல்வது?

பின்னால் வந்தவர்களுக்கும் இது உறுத்தியிருக்கிறது. 1201இல் பாப்பரசர் மூன்றாம் இன்னொசென்ட் ஒரு கடிதத்தில் இரண்டையும் பிரித்தார்: சென்மப் பாவத்துக்குத் தண்டனை கடவுளைக் காணாமல் போவது, நரக வேதனை அவரவர் செய்த பாவத்துக்குத்தான். அந்த நூற்றாண்டிலேயே தாமஸ் அக்குவினாஸ் இன்னும் ஒரு படி போனார். அந்தக் குழந்தைகளுக்கு வலியும் இல்லை, துக்கமும் இல்லை என்றார். அவர்கள் இருக்கும் இடத்துக்கு லிம்போ என்று பேர். 'லிம்புஸ்' என்ற லத்தீன் சொல்லுக்குத் துணியின் ஓரம் என்று அர்த்தம். நம்ம பாஷையில் சொன்னால், சேலைக்கரை மாதிரி. நரகத்தின் நடுவில் இல்லை, ஓரத்தில். ஆனால் மோட்சமும் இல்லை.

ஓரம் என்றாலும் தாய் மனசு ஒத்துக்கொள்ளுமா? சுவிட்சர்லாந்தின் பெர்ன் பகுதியில் ஓபர்பூரன் என்ற ஊரில் ஒரு மாதா கோயில் இருந்தது. 15ஆம் நூற்றாண்டில் இறந்து பிறந்த குழந்தைகளை அங்கே தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பைச் சூடாக்கி, உதட்டின் மேல் ஒரு இறகை வைப்பார்கள். இறகு அசைந்தால் மூச்சு வந்துவிட்டது என்று உடனே ஞானஸ்நானம். 1486இல் அந்தப் பகுதியின் ஆயரே இதைப் பற்றி ரோமுக்குப் புகார் எழுதினார். 1990களில் அந்த இடத்தைத் தோண்டியபோது ஏறக்குறைய 250 சிசுக்களின் எலும்புகள் கிடைத்தன. மூட நம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம்தான். எனக்கு அந்த இறகைப் பார்த்துக்கொண்டு நின்ற தகப்பன்மார்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

லிம்போ கடைசிவரை விசுவாச சத்தியமாக அறிவிக்கப்படவே இல்லை. ஆனாலும் பிள்ளைகளின் பாடத்துக்குள் வந்துவிட்டது. பத்தாம் பத்திநாதர் 1905இல் வெளியிட்ட ஞானோபதேச நூலில் இது கேள்வி பதிலாகவே இருக்கிறது: அந்தக் குழந்தைகள் லிம்போவில் இருக்கிறார்கள், கடவுளைக் காண்பதில்லை, வேதனைப்படுவதும் இல்லை. அறிஞர்கள் வாதாடிய ஒரு கருத்து, பிள்ளைகள் மனப்பாடம் பண்ணும் பதிலாகிவிட்டது. 1917ஆம் வருடத்துச் சட்டத் தொகுப்பும் ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர்களுக்குக் கோயில் அடக்கம் கிடையாது என்றது. குழந்தையென்று பார்த்து விலக்கு கொடுக்கவில்லை.

மாற்றம் முதலில் வந்தது அடக்கத்தில்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1969இல் வந்த புதிய அடக்கச் சடங்கு, ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்த குழந்தைக்கும் ஆயரின் அனுமதியோடு செபிக்க இடம் கொடுத்தது. 1983ஆம் வருடத்துச் சட்டமும் அதை ஏற்றது. பிறகுதான் புத்தகம். 1992ஆம் வருடத்து மறைக்கல்வி நூல் லிம்போ என்ற சொல்லையே எடுக்கவில்லை. அந்தக் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறோம் என்றது. கடைசியாக, 2007இல் 16ஆம் பெனடிக்ட் அனுமதியோடு இறையியல் ஆணைக்குழுவின் அறிக்கை வந்தது: அந்தக் குழந்தைகள் மீட்கப்படுவார்கள் என்று நம்பக் கனமான காரணங்கள் உண்டு, ஆனால் இது நம்பிக்கை, உறுதியாகத் தெரிந்த சேதி இல்லை. சொன்ன காரணங்களில் ஒன்று, திருச்சபை ஏற்கெனவே அவர்களுக்காகச் செபிக்கிறது என்பது. அதாவது, கல்லறையில் சொன்ன செபத்தின் பின்னால்தான் இறையியல் நடந்து வந்திருக்கிறது.

வீட்டில் பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள்? எங்கள் பக்கம் "பாப்பா சம்மனசாப் போயிருச்சு" என்பார்கள். ஆறுதலான பேச்சு. ஆனால் மனுசர் சம்மனசு ஆவதாகத் திருச்சபை சொல்வதில்லை. பழைய பாடத்தைச் சொன்னால் பிள்ளை பயந்துபோகும். இந்த வரலாற்றைப் படித்த பிறகு எனக்குப் படுவது இதுதான்: "நமக்கு முழுசாத் தெரியாதுடா. ஆனா சாமி கையில குடுத்திருக்கோம், அவரு நம்மளவிடப் பாப்பா மேல பாசம் வெச்சிருக்காரு" என்று சொன்னால் போதும். பிள்ளைக்கு இது புரியும். 1,600 வருடம் சுற்றி ரோமும் இதற்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறது.